நாற்பது பேரில் முப்பத்தொரு பேர்

பெரம்பலூர்
28 ஜனவரி 2025

கலைக்கு,

நேற்று திங்கட்கிழமை என் கடைக்கு மூன்று டிராக்டர் மக்காச்சோளம் வர வேண்டும். ஒன்றுகூட வரவில்லை. மூன்றும் எதிர்வரிசையில் ராஜேஷ் கடை வாசலில் நின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறக்கினார்கள்.

காரணத்தைத் தேடி நான் அலையவில்லை. ராஜேஷே வந்து போனைக் காட்டினான். விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். போன வெள்ளிக்கிழமை உங்கள் கல்லூரிக் கண்காட்சியில் நீ ஒட்டிவைத்த அட்டை. நடுவில் என் தராசு. மேலே 'அறிவரசன் தானியக் கடை, பெரம்பலூர்'. கீழே கொட்டை எழுத்தில், 'நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் இந்தத் தராசு காட்டும் எடையை நம்பவில்லை'.

"அண்ணே, ஒங்க வூட்டுப் புள்ளையே சொல்லிருச்சு. இனிமே நாங்க என்னத்த சொல்றது" என்றான். அவன் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

பொங்கலுக்கு முன்னால் மூன்று நாள் நோட்டோடு என் கடையில் உட்கார்ந்திருந்தாய். தங்கச்சி ஒத்தாசைக்கு வந்திருக்கிறாள் என்று வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். என் டீயைக் குடித்துக்கொண்டே என் தராசை நம்பவில்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நீயும் எழுதிக்கொண்டாய்.

அந்தத் தராசை 2014இல் வாங்கினேன். இந்தத் தெருவில் முதல் எலக்ட்ரானிக் தராசு அதுதான். அப்பா போனபின் பத்தாவதோடு நின்று ஒன்பது வருடம் மூட்டை தூக்கினேன். கையில் பணம் சேர்ந்தபோது முதலில் பெயர்ப்பலகை வாங்கவில்லை, தராசு வாங்கினேன். வருடம் தவறாமல் அரசு முத்திரை வாங்கியிருக்கிறேன். ஒரு கிராம் அடித்ததில்லை. நான் உத்தமன் என்பதால் இல்லை. அடித்தால் அடுத்த வருடம் சரக்கு வராது, அதனால்.

போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். கோபத்தில் பேசிவிட்டு, அப்படிச் சொல்லவே இல்லை என்று இரண்டு பேரும் பிறகு சாதிப்போம். நான் வியாபாரத்தில் எதையும் போனில் முடிப்பதில்லை. தாளில் எழுது. சிமெண்டு ஏற்ற அரியலூர் போகும் லாரி டிரைவர் அமாவாசை உன் விடுதி வாசல் வழியாகத்தான் போகிறார். அவரிடம் கொடுத்தனுப்பு.

நீ மேசையில் வைத்துவிட்டுப் போன வங்கிக் கடன் தாள் அப்படியே கிடக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் வங்கி உனக்குக் கடன் தராது. நான் போடப்போவதில்லை. சென்னைக் கம்பெனி வேலைக்கு எடுத்திருக்கிறது, ஜூனில் போய்ச் சேர். மனிதனும் கணினியும் என்று நீ சொல்லும் அந்தப் படிப்பை ஐதராபாத்தில் இரண்டு வருடம் படித்துவிட்டு யாரிடம் விற்பாய்?

இதற்கு மட்டுமாவது பதில் சொல். என் பேரைப் போட்டதற்கு எத்தனை மார்க் கொடுத்தார்கள்?

அறிவரசன்

•

அரியலூர்
31 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

நூற்றுக்கு எண்பத்தெட்டு.

கடைப் பேரைப் போட்டது தப்பு. உங்களைக் கேட்டிருக்க வேண்டும். அட்டையைக் கிழித்துவிட்டேன், படம் ஊர் சுற்றிய பிறகு அதனால் பயனில்லை என்றும் தெரியும். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். முப்பத்தொன்று என்ற எண்ணுக்குக் கேட்க மாட்டேன். அது என் எண்ணம் இல்லை. அவர்கள் சொன்னதை எண்ணினேன், அவ்வளவுதான்.

யாரிடம் விற்பாய் என்று கேட்கிறீர்கள். சரக்கு என்ன என்று முதலில் சொல்கிறேன். போனில் நான் சொல்ல ஆரம்பித்தபோதெல்லாம் உங்களுக்கு லோடு வந்துவிடும்.

இரண்டாம் வருடம் நானும் இரண்டு பேரும் சேர்ந்து, வீட்டிலிருந்தபடியே போனில் வயல் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு கருவி செய்தோம். மாவட்ட அளவில் பரிசு வாங்கியது, உங்களுக்குப் படம்கூட அனுப்பினேன். அதைக் கீழப்பழுவூரில் அய்யாக்கண்ணு என்பவர் கொல்லைக் கிணற்று மோட்டாரில் மாட்டினோம். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், கருவி ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அவர் மட்டும் போனில் மோட்டாரைப் போட்டுவிட்டு, பழையபடி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வயலுக்குப் போகிறார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் சொன்னார்: "மோட்டாரு ஓடுதுன்னு போனு சொல்லுது பாப்பா. தண்ணி வருதுன்னு யாரு சொல்றது?"

நாங்கள் கரண்டை அளந்து சொன்னோம். அவருக்கு வேண்டியது தண்ணீர். நான் படித்த மின்னணுவியலில் இந்த இடைவெளிக்குப் பாடமே இல்லை. வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். மனிதக் கணினி ஊடாட்டம் என்று ஒரு துறையே இருக்கிறது. பேர்தான் பெரியது. ஒரு எந்திரத்தின் முன்னால் ஒரு ஆள் நிற்கிறார். அது சொல்வதும் அவர் தெரிந்துகொள்ள நினைப்பதும் ஒன்றுதானா, இல்லையென்றால் எங்கே பிசகு, எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்பதுதான் அந்தப் படிப்பு. ஆளைத் திட்டுவது அதில் கடைசி வேலை.

இனி உங்கள் கடை. தராசின் எண்ணைக் காட்டும் டிஸ்பிளே உங்கள் மேசையைப் பார்த்து இருக்கிறது. விற்க வந்தவர்கள் மூட்டைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். மூன்று நாளில் நாற்பது பேர் வந்தார்கள். சுற்றி வந்து எண்ணைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். பொன்னாயி அக்காவிடம் கேட்டேன், போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று. "அது மொதலாளி பக்கம் கண்ணு. நம்ம நிக்கிற எடம் இதான்" என்றார். நம்ம தெருவில் பிறந்தவர், உங்களைத் தூக்கி வளர்த்தவர் சொல்கிறார்.

அம்மா செந்துறையில் வைத்திலிங்கம் கடைக்குக் கடலை கொண்டுபோன கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். தலைச்சுமை இருபது கிலோ இருக்கும், அவர் பதினாறு என்று எழுதுவார், அம்மா சரிங்க என்பார் என்று. அந்தக் கடையில் தராசு முள் யாரைப் பார்த்து இருந்தது அண்ணே? மேசையை அப்படிப் போட நீங்கள் எங்கே கற்றீர்கள்?

சென்னைக்கு நான் போகவில்லை.

கலையரசி

•

பெரம்பலூர்
5 பிப்ரவரி 2025

கலைக்கு,

மேசை அந்த மூலையில் இருப்பதற்குக் காரணம், பிளக் பாயிண்ட் அங்கே இருக்கிறது. மழைச் சாரல் படாத இடமும் அதுதான். இதைக் கண்டுபிடிக்க ஐதராபாத் போய் எம்.டெஸ். படிக்க வேண்டாம். எலெக்ட்ரீசியனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

இனிமேல் என் கடையையும் வைத்திலிங்கம் கடையையும் ஒரே தாளில் எழுதாதே.

ஆனாலும் நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். உன் பேச்சின் மேல் உள்ள மரியாதையால் இல்லை, நீ சொல்வது தப்பென்று காட்டுவதற்காக. சனிக்கிழமை காலை டிஸ்பிளேயைக் கழற்றி, விற்பவர் முகத்துக்கு நேராகத் திருப்பி மாட்டினேன். பத்து நிமிஷ வேலை. மதியத்துக்குள் நாலு சண்டை.

மூட்டையைத் தொப்பென்று வைத்தால் எண் ஆடும். ஏறும், இறங்கும், பிறகு நிற்கும். பதினோரு வருடமாக எனக்கு அது கண்ணில் படுவதே இல்லை, நின்ற பிறகுதான் பார்ப்பேன். அவர்கள் ஆடுகிற எண்ணையெல்லாம் பார்க்கிறார்கள். செந்துறை அறிவுச்செல்வன் பிடித்துக்கொண்டான்.

"எழுவத்தொண்ணு புள்ளி நாலு காட்டுச்சு. கண்ணால பாத்தேன்."

"அது மூட்ட ஆடுறப்ப காட்டுனது. நின்னப்பறம் பாரு, எழுவது புள்ளி ஆறு."

"ஆடுறப்ப காட்டுனது பொய்யின்னா, நின்னப்பறம் காட்டுறது மட்டும் எப்புடி மெய்யாவும்?"

கூட்டத்தில் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு வரி கட்டத் தெரிகிறது, கடனை வசூலிக்கத் தெரிகிறது, இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம்வரை நம்பாமல் சும்மா இருந்தார்கள். இப்போது நம்பாமல் சண்டை போடுகிறார்கள். உன் படிப்பால் இதுவரை வந்த லாபம் இதுதான். டிஸ்பிளேயை நான் இன்னும் திருப்பி வைக்கவில்லை. வைத்தால், மறைக்கிறான் என்பார்கள். என்னை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய்.

அறிவரசன்

•

அரியலூர்
9 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

கடிதத்தை வகுப்பில் படித்துவிட்டேன். சத்தமாகச் சிரித்ததற்கு வெளியே அனுப்பினார்கள்.

அறிவுச்செல்வன் கேட்ட கேள்வியைத்தான் என் அறிக்கையைத் திருத்தியவர்கள் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. டிஸ்பிளேயைத் திருப்பினால் போதும் என்று ஆறாம் பக்கத்தில் எழுதியிருந்தேன், செய்து பார்க்காமலே எழுதினேன். எண்பத்தெட்டு மார்க்கும் வாங்கினேன். அதில் பாதி எனக்குச் சேராது.

இந்த லாரியில் ஒரு பெட்டி வருகிறது. சாப்பாட்டு டப்பா அளவு இருக்கும், அமாவாசை அண்ணனிடம் மேலே சிமெண்டு ஏற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே இன்னொரு டிஸ்பிளே, எண் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். எண் ஆடும்போது இது இருட்டாகவே இருக்கும். நின்ற பிறகு ஒரே ஒரு எண்ணைக் காட்டும், மூட்டையை இறக்கும்வரை மாற்றாது. தராசின் முத்திரையைத் தொட வேண்டாம். பில் அடிக்கும் எந்திரத்துக்காகப் பின்னால் ஒரு துளை விட்டிருப்பார்கள், அதில் சொருகினால் போதும். பழைய டிஸ்பிளேயை உங்கள் பக்கமே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வேறு யார் வாயிலாகவோ உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். சென்னைக் கம்பெனிக்கு வேலை வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கலையரசி

•

பெரம்பலூர்
17 பிப்ரவரி 2025

கலையரசிக்கு,

வீடு தேடி வந்து முன்பணம் கொடுத்தவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். வாங்க வேறு ஆள் கையில் இல்லாமல். இந்தத் தெருவில் யாராவது அப்படிச் செய்தால் அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். எட்டு நாள் எழுதாமல் இருந்தது அதனால்தான். அதைப்பற்றி இனி எழுதப்போவதில்லை. அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள்.

உன் பெட்டி வந்தது. மாட்டினேன். சண்டை நின்றது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுநாளே வேறு பேச்சு. மூட்டையை வைத்ததும் மூன்று நான்கு விநாடி பெட்டி இருட்டாக இருக்கிறதல்லவா, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பொன்னாயி கேட்கிறாள்: "ஏம்பா, இம்புட்டு நேரம் உள்ளாற என்ன கணக்கு போடுது?" பக்கத்திலிருந்தவன், "எவ்வளவு கொறைக்கலாம்னு யோசிக்குது" என்றான். ராஜேஷ் காதுக்கு அது போய், என் கடையில் யோசிக்கிற தராசு இருக்கிறதென்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

ஆக, காட்டினால் பொய், மறைத்தால் களவு. உன் வைத்தியம் இரண்டும் முடிந்தது.

போன வியாழக்கிழமை அறிவுச்செல்வன் டிராக்டரில் சோளத்தோடு ஒரு சிமெண்டு மூட்டையையும் கொண்டுவந்தான். வீடு கட்டுகிறான். சிமெண்டு மூட்டை ஐம்பது கிலோ என்பது இந்த இரண்டு மாவட்டத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். சோளத்தை இறக்குவதற்கு முன்னால் அதைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெட்டி இருண்டது. பிறகு காட்டியது: 49.6.

"பாத்துக்கங்க. ஒரு மூட்டைக்கி நானூறு கிராம்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். கலை, அந்த ஒரு நிமிஷம் என் தராசை நானே நம்பவில்லை.

தராசைச் சரிபார்க்க முத்திரை போட்ட இருபது கிலோ இரும்புக்கல் என் மேசைக்கடியில் கிடக்கும், உனக்குத் தெரியும். நான் எடுக்கவில்லை. நான் எடுத்து வைத்தால் அதுவும் என் கல்தான். "நீயே எடுத்து வையி" என்றேன். மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, குனிந்து, கல்லில் இருந்த முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போய் வைத்தான். 20.0. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். 20.0. பொன்னாயி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவளும் ஒரு தடவை வைத்தாள். 20.0.

அறிவுச்செல்வன் சிமெண்டு மூட்டையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அப்ப எனக்கு எறநூறு மூட்டை போட்டானே அவன்" என்றான். சோளத்தை என்னிடம் அப்படியே விட்டுவிட்டு, சிமெண்டு மூட்டையோடு கடைக்காரனைப் பார்க்கப் போனான். அவனுக்குப் புதுமூட்டையாக மாற்றிக் கொடுத்தார்களாம். மூட்டையில் ஓட்டை இருந்ததோ என்னவோ. அது யாருக்கு வேண்டும்? 'அறிவரசன் தராசு சிமெண்டுக் கடையையே பிடித்துவிட்டது' என்றுதான் பேச்சு.

இப்போது கல் அவர்கள் நிற்கிற பக்கம் தரையில் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் அதை வைத்துப் பார்க்கிறார்கள். சிலர் வீட்டிலிருந்து யூரியா மூட்டை கொண்டுவருகிறார்கள். ஒருவன் தன் மனைவியை ஏறி நிற்கச் சொன்னான், அவள் அடித்துவிட்டாள்.

உன் பெட்டி இல்லாமலே இது நடந்திருக்கும்.

அறிவரசன்

•

அரியலூர்
21 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

நடந்திருக்காது. பழைய இடத்தில் டிஸ்பிளே இருந்திருந்தால் 49.6 என்பதை நீங்கள் மட்டும் பார்த்திருப்பீர்கள். ஐம்பது என்று சொல்லிச் சமாளித்திருப்பீர்கள். இல்லை என்று எழுதுங்கள் பார்ப்போம்.

ஆனால் கல்லை அவர் கையில் கொடுத்தது நீங்கள். நானாக இருந்தால் இன்னொரு பெட்டி செய்திருப்பேன். நான் எண்ணை எப்படிக் காட்டுவது என்றே யோசித்தேன். அவர்களுக்கு வேண்டியது உங்களைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி. மூன்று நாள் உட்கார்ந்து நாற்பது பேரைக் கேட்டும் எனக்கு அது பிடிபடவில்லை.

இரண்டு தடவை சொன்னேன், இரண்டும் பிசகு. அதனால் இந்தப் படிப்பு வேண்டாம் என்று நீங்கள் எழுதுவீர்கள். நான் அதனால்தான் வேண்டும் என்கிறேன். தெரிந்ததைப் படிக்க நான் ஐதராபாத் போகவில்லை. சர்க்யூட் போடத் தெரியும், அதற்கு இந்த ஊரில் மட்டும் ஆயிரம் பேர் இருக்கிறோம். இருட்டாக இருக்கும் நாலு விநாடியில் பொன்னாயி அக்கா மனசில் என்ன ஓடும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு பெட்டி செய்கிற ஆள் எத்தனை பேர்? யாரிடம் விற்பாய் என்றீர்களே, ஒரு மாதமாக வாங்கிக்கொண்டிருப்பது நீங்கள்தான். பில் அனுப்பவில்லை, அவ்வளவே.

நுழைவுத் தேர்வில் தேறிவிட்டேன். மார்ச் 24 நேர்காணல். உங்களிடம் கெஞ்சப்போவதில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் இங்கேயே ஆய்வகத்தில் உதவியாளர் வேலை இருக்கிறது, மாதம் பன்னிரண்டாயிரம். இரண்டு வருடம் சேர்த்துவிட்டு மறுபடி எழுதுவேன். அப்போதும் கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம். நீங்கள் ஒன்பது வருடம் மூட்டை தூக்கியதாக எழுதியிருந்தீர்கள். நானும் அந்த வீட்டில்தான் பிறந்தேன்.

ஒரு கேள்வி, ஒரு வேண்டுகோள். மார்ச் 2 ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து மறுபடி நாற்பது பேரைக் கேட்க வேண்டும். இந்தத் தடவை முன்கூட்டியே உங்களைக் கேட்கிறேன். கேள்வி பழையதுதான். மேசையை அப்படிப் போட எங்கே கற்றீர்கள்? பிளக் பாயிண்ட் கதை எனக்கு வேண்டாம். கடை கட்டியபோது கரண்டு இழுத்ததும் நீங்கள்தான்.

கலையரசி

•

பெரம்பலூர்
27 பிப்ரவரி 2025

கலைக்கு,

ஞாயிற்றுக்கிழமை வா. நான் இருக்க மாட்டேன், உடையார்பாளையம் பக்கம் சரக்குப் பார்க்கப் போகிறேன். நான் இருந்தால் அவர்கள் உண்மை சொல்ல மாட்டார்கள். அதற்காகத்தான் போகிறேன், உன்னைப் பார்க்கக் கூடாதென்று இல்லை. அதுவும் கொஞ்சம் உண்டு.

மேசை. சரி, எழுதுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன்.

கடை போடுகிறவரை ஒரு தானியக் கடையின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்தது வைத்திலிங்கம் கடையில் மட்டும்தான். பார்த்தது என்றால், உள்ளே போய் இல்லை. அம்மா பக்கத்தில், மூட்டைக்கு இந்தப் பக்கம் நின்று. எனக்கு ஒன்பது வயது. அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து முள்ளைப் பார்ப்பார், எழுதுவார், நிமிரவே மாட்டார். அவர் எழுதிய எடை பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் எனக்குள் ஏறி உட்கார்ந்தது அந்தப் பொய் இல்லை. அந்த நாற்காலி.

கடை கட்டியபோது யோசித்துப் போடவில்லை. மேசை என்றால் அங்கே, தராசு என்றால் இப்படி, ஆட்கள் அந்தப் பக்கம். முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்தப் பக்கத்தில் உட்காரத்தான் ஒன்பது வருடம் தூக்கினேன். உட்கார்ந்ததற்கு வெட்கப்பட மாட்டேன். இன்றைக்கும் மேசை அங்கேதான் இருக்கிறது, எடுக்கப்போவதில்லை.

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வேலையை விட்டதை நீ சொல்ல மாட்டாய் என்று தெரியும், அதையும் நானே சொன்னேன். அவள் பேசியது மேசையைப் பற்றித்தான்.

"நீ அந்தப் பக்கம் ஒக்காந்தப்ப எனக்குக் குளுந்து போச்சு. ஆனா ஒண்ணு. வருசத்துக்கு நாலு தடவ ஒன் கடைக்கிக் கடலை போட்டுருக்கேன். ஒரு தடவகூட என்ன காட்டுதுன்னு நான் பாத்ததில்ல."

"ஏம்மா, எட்டிப் பாத்தா நான் திட்டுவனா?"

"தெரியல. கேக்கத் தோணல."

உன் முப்பத்தொரு பேரில் அம்மா இல்லை. சேர்த்தால் முப்பத்திரண்டு.

அறிவரசன்

•

அரியலூர்
28 மார்ச் 2025

அண்ணனுக்கு,

இடம் கிடைத்துவிட்டது. நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். உங்கள் பின்னணி என்ன, ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். மற்றவர்கள் சிறு வயதிலிருந்தே கணினி மேல் ஆசை என்று சொல்லியிருப்பார்கள். நான், கூலிக்குப் போன குடும்பம், அப்பா இல்லை, அண்ணன் தானிய வியாபாரி, அவர் தராசை யாரும் நம்பவில்லை, நான் சரிசெய்யப் போய் இரண்டு தடவை கெடுத்தேன் என்றேன். இருபது நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள், ஐம்பது நிமிஷம் பேசினார்கள். இரும்புக்கல்லைத் தரையில் வைத்தது யார் யோசனை என்று கேட்டார்கள். என்னுடையது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. உண்மையைச் சொன்னேன்.

மார்ச் 2 கணக்கை இத்தனை நாள் அனுப்பாததற்குக் காரணம், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பூசாமல் எழுதுகிறேன். நாற்பது பேரில் நம்பவில்லை என்றவர்கள் இப்போது பன்னிரண்டு பேர். முப்பத்தொன்று பன்னிரண்டாகக் குறைந்திருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரில் மூன்று பேர் எந்தத் தராசையும் நம்பாதவர்கள். மீதி ஒன்பது பேர் சொன்னது கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்: "தராச நம்புறேன். அறிவரசன நம்பல."

ஏன் என்று கேட்டேன். சிரித்தார்கள், சொல்லவில்லை. தங்கச்சியிடம் சொல்வார்களா?

இரண்டு எண்ணையும் இறுதி அறிக்கையில் எழுதியிருக்கிறேன். ஒன்பது பேர் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். கடைப் பேர் இருக்கும் இடத்தில் கோடு போட்டு வெற்றிடமாக விட்டிருக்கிறேன். இதோடு ஒரு பிரதி வருகிறது. பேரைப் போடுவதா வேண்டாமா, நீங்கள் எழுதுங்கள். எண்ணை மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டேன்.

வங்கிக்குக் கடைசி நாள் ஏப்ரல் 10. நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும், அதை எனக்குச் செய்யும் தர்மமாக எழுதாதீர்கள். வியாபாரமாக எழுதுங்கள். அது எனக்குப் புரியும்.

கலையரசி

•

பெரம்பலூர்
1 ஏப்ரல் 2025

கலைக்கு,

அறிக்கையைப் படித்தேன். பாதி புரியவில்லை. ஒன்பது பேர் சொன்னது நன்றாகப் புரிந்தது. முந்தாநாள் முழுக்க, கடைக்கு வந்த ஒவ்வொருவன் முகத்தையும் இவன் அந்த ஒன்பதில் ஒருவனா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தனுக்கு விலையைத் தப்பாகக்கூடச் சொல்லிவிட்டேன். என் தராசு சரி என்று ஊர் ஒத்துக்கொண்ட நேரத்தில் இதை எனக்கு அனுப்புகிறாய். உனக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். நான், அவள் எண்ணிச் சொல்கிறவள் என்றேன்.

ராஜேஷும் இந்த வாரம் கடை வாசலில் ஒரு கல்லை வைத்திருக்கிறான். அவன் கல்லில் முத்திரை தேய்ந்து போயிருக்கிறது. யாரும் இன்னும் பார்க்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.

கடன் தாளில் கையெழுத்துப் போட்டு அமாவாசையிடம் கொடுத்திருக்கிறேன். வியாபாரமாக எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். சம்மதம் இல்லையென்றால் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

கடன் ஐந்தரை லட்சம். படிக்கும் இரண்டு வருட வட்டி என்னுடையது. அசல் உன்னுடையது, முதல் சம்பளத்திலிருந்து. தள்ளுபடி கிடையாது, கல்யாணம் என்று சொல்லி ஒத்திப்போடுவதும் கிடையாது. கடைப் பேரை அறிக்கையில் போடு, இரண்டு எண்ணோடும் போடு. இனி என் பேரை எங்கே எழுதுவதாக இருந்தாலும் முதலில் என்னைக் கேட்பாய். நான் வேண்டாம் என்றால் பேரை எடுப்பாய், எண்ணை எடுக்க வேண்டாம். வட்டிக்கு ஈடாக நீ எனக்குத் தர வேண்டியது ஒன்றுதான். அந்த ஒன்பது பேர் என்னை ஏன் நம்பவில்லை என்று கண்டுபிடித்து, பூசாமல் தாளில் எழுதி, அடுத்த தை மாதம் அறுவடை தொடங்குமுன் என் மேசையில் வைக்க வேண்டும்.

அறிவரசன்